வேங்கடத்து வழிகள்

நுழையும்முன்

மலை ஒன்றே, அதற்குச் செல்லும் வழிகள் பல. ஓடி ஏறும் சிறுவருக்கு ஒரு வழி, ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவருக்கு ஒரு வழி, சக்கர நாற்காலியில் செல்பவருக்கு ஒரு வழி. திருப்பதி, சித்தூர்ப் பகுதியிலுள்ள மலை, காடு, ஏரி ஆகியவற்றின் நடைவழிகளை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது. அவரவர் ஆற்றலுக்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதையும் விளக்குகிறது.

எல்லையாய் நின்ற மலை

பழந்தமிழ் நாட்டின் வட எல்லை வேங்கடமலை எனத் தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது. சங்க இலக்கியத்தில், குறிப்பாக மாமூலனாரின் அகநானூற்றுப் பாடல்களில், வேங்கடமும் அதன் தலைவனாகிய புல்லியும் இடம்பெறுகின்றனர். பொருள் தேடிப் பிரியும் தலைவன் இம்மலையைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குச் செல்வான். வீட்டிலிருப்போர் அவன் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பர். பாலைத்திணைப் பாடல்கள் பலவற்றின் பொருள் இதுவே.

இன்றும் பணியின்பொருட்டு அம்மலையைக் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. முன்பு தலைவன் மட்டும் சென்றான். இன்று குடும்பமே உடன் செல்கிறது. அக்குடும்பங்களின் பிள்ளைகள் தெலுங்கும் தமிழும் ஒருங்கே கேட்டு வளர்கின்றனர். இம்மலைவழிகளின் பெயர்களிலும் அவ்விரு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. தெலுங்கில் ‘மெட்டு’ என்பது படியைக் குறிக்கும். தமிழில் போடிமெட்டு, கம்பம்மெட்டு போன்ற பெயர்களில் அச்சொல் மலையின் உயர்ந்த இடத்தைக் குறிக்கிறது. தெலுங்கின் ‘கொண்டா’வும் தமிழின் ‘குன்று’ம் உறவுச் சொற்கள். தெலுங்கின் ‘மடுகு’ தமிழின் ‘மடு’வை ஒத்தது; இரண்டும் ஆழமான நீர்நிலையைச் சுட்டும். ‘கோனா’ என்பது மலைகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்கு.

அலிபிரி என்னும் பெயருக்கும் தமிழ்வழி விளக்கம் கூறுவோர் உண்டு. மலையடிவாரத்தில் நின்ற புளியமரத்தால் ‘அடிப்புளி’ எனப்பட்ட இடமே நாளடைவில் அலிபிரி ஆயிற்று என்பது அவர்கள் கருத்து.

இரண்டு படிவழிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சேஷாசல மலைத்தொடரில் திருமலை அமைந்துள்ளது. சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்னும் ஏழு குன்றுகளால் இது ஏழுமலை எனப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து திருமலையின் உயரம் ஏறத்தாழ 850 மீட்டர். அடிவாரத்திலுள்ள திருப்பதி நகரம் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, நகரத்திலிருந்து மலைக்குச் செல்பவர் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

1944ஆம் ஆண்டு மலைப்பாதையில் ஊர்திச் சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் மலைக்குச் சென்றோர் நடந்தனர். நடக்க இயலாதோரை டோலியில் வைத்துச் சுமந்து சென்றனர். சாலை வந்தபின்னும் நடைவழி மறையவில்லை. இன்றும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே மலையேறுகின்றனர்.

அலிபிரி வழியில் 3550 படிகள் உள்ளன. தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம் வந்துவிடும். ஏறத்தாழ இரண்டாயிரம் படிகளைக் கடந்தால் காளிகோபுரம் வரும். திருப்பதி நகரிலிருந்து பார்த்தாலே தெரியும் கோபுரம் இது. அதன்பின் வழி நெடுந்தொலைவு சமமாகவும் மெல்லிய ஏற்றமாகவும் செல்லும். மான் பூங்காவும் இப்பகுதியில் உள்ளது. இறுதியில், நடந்து களைத்த நேரத்தில், மீண்டும் ஒரு செங்குத்தான ஏற்றம் எதிர்ப்படும். தெலுங்கில் முழங்கால் மெட்டு என்னும் பொருளில் அப்பகுதிக்குப் பெயர் வழங்குகிறது. தமிழர் அதனை ‘முழங்கால் முறிச்சான்’ என்றனர். இராமாநுசர் மலையின்மேல் கால்வைக்கத் தயங்கி முழங்காலாலேயே ஊர்ந்து ஏறினார் என்பது அவ்விடத்தைப் பற்றிய மரபுச் செய்தி.

ஸ்ரீவாரி மெட்டு வழி சந்திரகிரிப் பக்கத்தில், சீனிவாசமங்காபுரத்தை அடுத்துத் தொடங்குகிறது. இதில் 2388 படிகள் உள்ளன. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நல்ல உடல்நிலையுடையோர் ஒன்றரை மணிநேரத்திற்குள் ஏறிவிடுவர். அலிபிரி வழியிலோ மூன்று, நான்கு மணிநேரம் ஆவது இயல்பு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரண்டு வழிகளுக்குமிடையே படிகளின் வேறுபாடு 1162 மட்டுமே. ஆயினும், நேர வேறுபாடு இரு மடங்கினும் மிகுதி. காரணம், அலிபிரியில் படிகளல்லாத நெடுவழி நடுவே உள்ளது. ஸ்ரீவாரி மெட்டிலோ படிகள் ஏறக்குறைய இடைவிடாது தொடர்கின்றன. மூச்சுத்திணறல் உடையோருக்குக் குறுகிய செங்குத்து வழி கடினம். நெடுந்தொலைவு நடந்தால் பாதம் வலிப்போருக்கு நீண்ட சமவழி கடினம். ஆகவே, ‘எது எளிய வழி?’ என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. ‘யாருக்கு எளிய வழி?’ என்றே வினவ வேண்டும்.

வழியை அளக்கும் நான்கு வினாக்கள்

புதிய வழியொன்றில் செல்லுமுன் நான்கு வினாக்களுக்கு விடை அறிதல் வேண்டும்.

முதலாவது, ஏற்றம் எவ்வளவு? தொலைவைக் காட்டிலும் ஏற்றமே உடலை மிகுதியாக வருத்தும். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 100 படிகள் ஏறுபவர் 15 மீட்டர் உயர்கிறார். அஃது ஏறத்தாழ ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

இரண்டாவது, தரை எத்தகையது? கருங்கற்படி, மண்வழி, ஆற்றுக்கல், பாசிபடர்ந்த பாறை ஆகிய ஒவ்வொன்றும் காலுக்கு ஒவ்வொரு வகையான வேலையைக் கொடுக்கும். சக்கர நாற்காலிக்கு ஒற்றைப் படியே தடைச்சுவர்.

மூன்றாவது, நிழலும் நீரும் உண்டா? திருப்பதியில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அலிபிரி வழியின் பெரும்பகுதியில் மேற்கூரை உண்டு. காட்டுவழிகளில் மரநிழலே கூரை.

நான்காவது, நடுவில் இயலாமற்போனால் என்ன செய்வது? ஊர்திச் சாலையை எட்டும் இடம், உதவி கிடைக்கும் இடம், திரும்பும் இடம் ஆகியன முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

நடக்கும்போது உடலே அளவுகோல். ஏறும்பொழுது ஒரு முழுத் தொடரை மூச்சுவாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரியானது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அங்கேயே நின்று உதவி கோர வேண்டும். ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். இறங்கும்போது உடலின் எடை ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழுவதே காரணம். அதனாலேயே நடந்து ஏறியோர் பலர் பேருந்தில் இறங்குகின்றனர். அதில் குறைவேதும் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அக்குடும்பத்தில் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி, பெற்றோர், பதினான்கு வயது அண்ணன், பதினொரு வயதுத் தங்கை ஆகிய ஐவர். பாட்டிக்கு முழங்கால் வலி. அண்ணன் சக்கர நாற்காலியில் செல்பவன். தங்கை எப்போதும் எல்லாருக்கும் முன்னே ஓடுபவள். நடந்தே மலையேறுவதாகப் பாட்டி நேர்ந்துகொண்டிருக்கிறார்.

“எல்லாரும் பேருந்தில் போய்விடுவோம்” என்று தந்தை கூறினால் பாட்டியின் மனம் வாடும். “எல்லாரும் நடப்போம்” என்று பாட்டி கூறினால் அண்ணன் வீட்டில் தங்க நேரும். குடும்பம் கூடிப் பேசுகிறது. அலிபிரியின் முதற்படிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, தம்மால் இயன்ற அளவு படியேறி, அத்துடன் நேர்த்தியை நிறைவுசெய்வதாகப் பாட்டி இசைகிறார். பின்னர் அவரும் அண்ணனும் தந்தையும் ஊர்தியில் மலைக்குச் செல்கின்றனர். தாயும் தங்கையும் காலைப்பொழுதிலேயே ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறுகின்றனர். மலைமேல் ஐவரும் கூடுகின்றனர்.

மறுவாரம் அதே குடும்பம் ஏரிக்கரைக்குச் செல்கிறது. அங்கே சாலையோரத்தில் நாற்காலியை நிறுத்தி, தொலைநோக்கியால் நீர்ப்பரப்பை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனே பூநாரைக் கூட்டத்தை முதலில் காண்கிறான். அங்குமிங்கும் ஓடிய தங்கைக்கு அவன் காட்டிய பின்னரே தெரிகிறது.

ஐவரும் ஒரே வழியில் செல்லவில்லை; எனினும், ஒருவரும் விடுபடவில்லை. நல்ல திட்டம் என்பது இதுவே. இதனைக் குடும்பத்தின் அன்பிற்கு மட்டும் விட்டுவிட இயலாது. பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் அமைக்க வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. ‘சாய்தளம் உண்டா?’ எனக் கேட்பது சலுகை வேண்டுவதன்று, உரிமையை நினைவூட்டுவதாகும்.

சமதரையில் சில வழிகள்

மலையேற இயலாதோர் காண்பதற்கும் இப்பகுதியில் வளமுண்டு. திருப்பதி மலையடிவாரத்தில் கபிலதீர்த்தம் உள்ளது. வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து அருவி நேரே குளத்தில் வந்து விழும்.

சந்திரகிரியில் விசயநகர மன்னர்களின் கோட்டையும் அரண்மனையும் உள்ளன. அரண்மனைகளில் ஒன்றாகிய ராஜமகாலில் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் வழங்கப்பட்டபோது சந்திரகிரி அரசே இப்பகுதியில் மேலாண்மை செலுத்தியது. சென்னையின் வரலாறு இம்மலையடிவாரத்தோடு இணைந்திருப்பது வியப்பிற்குரியது.

திருமலைமேல், கோயிலுக்கு அருகே, பூங்காவினுள் கற்றோரணம் ஒன்று உள்ளது. ‘சிலாதோரணம்’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட இவ்வளைவை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. காற்றும் நீரும் நெடுங்காலம் அரித்ததால் பாறையில் உருவானது இது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. மலைச்சாலையின் ஓரத்திலும் அத்தகைய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அங்கே பழைய கருங்கல்லின்மேல் அடுக்கடுக்கான படிகப்பாறை அமர்ந்திருக்கிறது. இரண்டும் ஒட்டியிருந்தாலும் அவற்றின் வயதிற்கிடையே பல கோடி ஆண்டுகள் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் ஒரு விரலை வைத்துக் காட்டிவிடலாம்!

ஏரிக்கரையை விரும்புவோருக்குப் பழவேற்காடு ஏரி உள்ளது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவிற்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் பரவியுள்ளது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவிற்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே அமைந்துள்ளது. குளிர்காலத்தில் அச்சாலையில் நின்றே பூநாரைகளைக் காணலாம். அருகிலுள்ள நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் நீரில் நிற்கும் மரங்களின்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. பறவைகளைக் காண வலுவான கால்கள் தேவையில்லை. பொறுமையான கண்கள் போதும்.

காட்டினுள் செல்லும் வழிகள்

உடல் வலிமையும் பயிற்சியும் உடையோருக்குக் காட்டுவழிகள் உண்டு. திருப்பதிக்கு வடமேற்கே, பாகராப்பேட்டை வழியாகச் சென்றால் தலக்கோனா அருவியை அடையலாம். ஏறத்தாழ 82 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இதுவே ஆந்திரப் பிரதேசத்தின் மிக உயரமான அருவி எனப்படுகிறது. சித்தேசுவரர் கோயிலிலிருந்து அருவிக்குக் காட்டினூடே நடந்து செல்ல வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த அவ்வழியில் பெரிய கொடிகள் மரங்களைத் தழுவிக் கிடக்கும்.

தெற்கே நாகலாபுரம் மலைகளிலும் வரதய்யபாளையத்தை அடுத்த உப்பலமடுகுப் பகுதியிலும் ஓடைகளையும் மடுக்களையும் கடந்து செல்லும் வழிகள் உள்ளன. சென்னையிலிருந்து இளைஞர் பலர் அங்கு வருவதுண்டு. படிகளோ கைப்பிடிகளோ இல்லாத இவ்வழிகள் கடினமானவை. வனத்துறையின் ஒப்புதலும் வழியறிந்தவர் துணையும் இன்றி அங்குச் செல்லலாகாது.

மழைக்காலத்தில் ஓடைவழிகள் மேலும் இடர் தருவன. நிற்கும் இடத்தில் ஒரு துளி மழையும் இல்லாதபோதே மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாய்த் திரண்டு வரக்கூடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை பெருகுவதும் அதன் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டவுடன் கரையேறி உயரமான இடத்தை அடைதல் வேண்டும். 2021 நவம்பர் மாதப் பெருமழையில் கற்படிகளாலான ஸ்ரீவாரி மெட்டு வழியே சேதமடைந்து மூடப்பட்டது. 2022 மே மாதத்தில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. கல்வழிக்கே அந்நிலை என்றால் மண்வழியின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

காட்டின் உரிமையாளர்கள்

1989இல் இக்காட்டின் ஒரு பகுதி ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. சிறுத்தை, கரடி, தேவாங்கு, புள்ளிமான் ஆகியன இங்கு வாழ்கின்றன. பாறை இடுக்குகளில் பகலில் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும் பொன்னிறப் பல்லியும் இங்கு உண்டு. தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செம்மரம் இக்காட்டின் பெருஞ்செல்வம். அம்மரத்தை வெட்டிக் கடத்துவோர் எளிய மக்களைக் கூலிக்கு அழைத்துவந்து காட்டினுள் விடுகின்றனர். அவ்வாறு வந்து சிறைப்பட்டோரும் உயிரிழந்தோரும் உண்டு. அவர்களுள் தமிழரும் பலர்.

2023 ஆகஸ்டு மாதத்தில் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. பெற்றோருடன் அலிபிரி வழியில் இரவில் மலையேறிய ஆறு வயதுச் சிறுமி சிறுத்தையால் தாக்கப்பட்டு உயிரிழந்தாள். அதன்பின் பதினைந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்குமேல் நடைவழியில் விடுவதில்லை எனத் தேவஸ்தானம் விதித்தது. நடப்போர் கூட்டமாகச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர், கைத்தடிகள் வழங்கப்பட்டன. வனத்துறையினர் தானியங்கிப் படக்கருவிகளையும் கூண்டுகளையும் வைத்தனர்.

பிள்ளைகளுக்கு இவ்விதி ஏன்? சிறுத்தை அந்தியிலும் இரவிலும் இரை தேடும் விலங்கு. சிறிய உருவத்தையும் தனித்து ஓடுவதையும் அது இரையாகக் கருதக்கூடும். ஆகவே, முன்னே ஓடுவதும் பின்தங்குவதும் கூடா. பெரியோருக்கு நடுவில் பிள்ளைகள் நடக்க வேண்டும். சிறுத்தையைக் கண்டால் முதுகு காட்டி ஓடலாகாது. சிறுவரைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, உரக்கக் குரலெழுப்பி, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

வழியோரத்தில் மானுக்கும் குரங்கிற்கும் தின்பண்டம் கொடுப்போர் அருள்செய்வதாக எண்ணுகின்றனர். எறியப்படும் உணவை நாடி மானும் நாயும் வழியருகே கூடும். அவற்றை நாடிச் சிறுத்தை வரும். ஒரு கைப்பிடிப் பொரி இவ்வாறு ஓர் உயிருக்கே இடராக முடியலாம். சிறுத்தை ஊருக்குள் வந்தது என்பர். காட்டினுள் ஊர் சென்றதையும் எண்ண வேண்டும்.

எல்லாக் காடும் நடைவழி ஆகாது என்பதும் அறியத்தக்கது. சித்தூர் மாவட்டத்தின் கௌண்டின்யக் காட்டிற்கு 1980களில் அண்டை மாநிலக் காடுகளிலிருந்து யானைகள் வந்து தங்கின. பின்னர் அக்காடு சரணாலயமாயிற்று. யானை தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்த இடத்தில் மனிதர் விலகி நிற்பதே முறை.

நடைவழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று எல்லைகள் கருதப்படுகின்றன: தன் உடலின் எல்லை, உடன்வருவோரின் எல்லை, காட்டின் எல்லை. பழந்தமிழர் நாட்டுக்கு எல்லையாக வேங்கடத்தைக் குறித்தனர். எல்லை அறிந்து நடப்பதை இன்று அம்மலையின் வழிகள் கற்பிக்கின்றன.

சொல்லும் பொருளும்

நேர்த்தி – வேண்டுதலின் பொருட்டுச் செய்யும் கடமை
தோரணம் – வளைவான அலங்கார வாயில்
மடு – ஆழமான நீர்நிலை
உவர்நீர் – உப்புச்சுவை கலந்த நீர்
பாகை – வெப்ப அளவின் அலகு
இடர் – துன்பம், ஆபத்து

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. கற்றோரணம் (கல் + தோரணம்)
2. பொன்னிறம்
3. செம்மரம்
4. முதற்படி
5. வேற்காடு

ஆ. குறுவினா
1. அலிபிரி என்னும் பெயருக்குக் கூறப்படும் தமிழ்வழி விளக்கம் யாது?
2. வெள்ளம் வருவதை உணர்த்தும் முன்னறிவிப்புகள் இரண்டனை எழுதுக.
3. ‘ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும்; இறக்கம் முழங்காலைச் சோதிக்கும்’ – காரணம் கூறுக.

இ. சிறுவினா
1. படிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வழியின் கடினத்தை அறிய முடியாது என்பதை இரு படிவழிகளைக் கொண்டு விளக்குக.
2. விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது தீங்காக முடிவது எவ்வாறு?

ஈ. நெடுவினா
ஐவர் அடங்கிய குடும்பம் ஒருவரையும் விடாமல் மலைக்குச் சென்ற முறையை விவரித்து, அதில் மேலும் செய்யத்தக்க திருத்தம் ஒன்றைக் காரணத்துடன் எழுதுக.

உ. கணக்கும் மொழியும்
ஒரு படியின் உயரம் 15 செ.மீ. எனில், ஸ்ரீவாரி மெட்டு வழியின் 2388 படிகளும் எத்தனை மீட்டர் உயரம் ஏற்றும்? விடையை எழுத்தால் எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்
1. வீட்டிலுள்ள மூத்தோரிடம் அவர்கள் சிறுவயதில் நடந்த நெடுவழி ஒன்றைப் பற்றிக் கேட்டு, பத்துத் தொடர்களில் எழுதுக.
2. பள்ளி வாயிலிலிருந்து வகுப்பறை வரையிலான வழியை நான்கு வினாக்களைக் கொண்டு ஆராய்க. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குத் தடையாகும் இடங்களைக் குறித்து, அவற்றைச் சரிசெய்ய வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.
3. தெலுங்கிலும் தமிழிலும் ஒத்த ஒலியும் பொருளும் உடைய இயற்கை சார்ந்த சொற்கள் ஐந்தனை, தெலுங்கு பேசும் நண்பரின் துணையோடு தொகுக்க.